சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள்

விற்பனை அலுவலகச் சுவரில் அடுக்குமாடியின் வரைபடம் மாட்டியிருந்தது. விற்றுப்போன வீடுகளின் மேல் சிவப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இல்லாதவை நான்கே நான்கு. "நாளைக்கு வந்தால் இதுவும் இருக்காது சார்" என்றார் விற்பனையாளர். அன்று மாலையே கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்துப் போனபோது அதே வரைபடத்தை ஒரு தம்பதிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இப்போது ஆறு வீடுகள் காலி! மூன்றாம் மாடி மூலை வீட்டை நான் கேட்டபோது விற்றுவிட்டது என்றார்கள். அதன் மேல் இப்போது பசைத் தடம் மட்டுமே இருந்தது.

வீடுகளை மொத்தமாகச் சந்தையில் இறக்கினால் விலை சரியும். அதனால் விலை குறையாத வேகத்தில்தான் கட்டுவார்கள், விற்பார்கள். பிரிட்டனில் பெரிய குடியிருப்புத் திட்டங்கள் ஏன் இவ்வளவு மெதுவாக முடிகின்றன என்று அந்நாட்டு அரசுக்காக ஆராய்ந்த அரசியல்வாதி ஆலிவர் லெட்வினும் 2018இல் இதையே அடிப்படைக் காரணமாகச் சொன்னார். அது வியாபாரம், போகட்டும். விற்காததை விற்றதாக ஒட்டுவது பித்தலாட்டம்.

என் பெரிய தவறு வேறு. ஒப்பந்தத்தில் தவணைகள் தேதிப்படி இருந்தன. அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, ஒவ்வொரு தளத்துக்கும் இவ்வளவு என்று இருந்திருக்க வேண்டும். அதை நான் கவனிக்கவில்லை. தேதி வந்தது, வங்கி பணத்தை விடுவித்தது, எனக்கு வட்டி ஓடியது. கட்டடமோ தரைத்தளத் தூண்களோடு நின்றது; தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருவேறிவிட்டன. பணம் எங்கே என்று கேட்டேன். "அடுத்த நிலத்தை விலை ஏறுவதற்குள் வாங்கிப் போட வேண்டியிருந்தது" என்றார் மேலாளர், கூச்சமே இல்லாமல்.

வீடு முடியும் முன்பே விற்று, அந்தப் பணத்தையும் கடனையும் கொண்டு மேலும் மேலும் நிலம் வாங்குவது சீனாவிலும் பெருமளவில் நடந்தது. கடன் வரத்து இறுகியதும் கட்டடங்கள் பாதியில் நின்றன. 2022இல் பல நகரங்களில், முடியாத வீட்டுக்கு மாதத் தவணை கட்ட மாட்டோம் என்று வாங்கியவர்கள் அறிவித்தார்கள்.

ஆகவே கட்டட நிலைப்படி தவணை கேளுங்கள். உங்கள் பணம் அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில்தான் விழுகிறதா, அதிலிருந்து யார் கையெழுத்தில் வெளியே போகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். தாமதத்துக்கு அவர்கள் தரும் இழப்பீட்டு வட்டியை, நீங்கள் தாமதித்தால் அவர்கள் பிடிக்கும் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் ஒப்பந்தத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். என் வீட்டை வேறு யாருக்காவது விற்ற பிறகு தருவார்களாம். போன வாரம் பார்த்தேன், அதன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது.