மெம்கேஷ்டா, ரெடிஸா? தீபாவளிக் கூட்டத்துக்கு முன் ஒரு முடிவு

பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடையோ பினாங்கு லிட்டில் இந்தியா பலகாரக் கடையோ, ஆன்லைனில் விற்றால் தீபாவளிக்கு முந்தைய வாரம் டேட்டாபேஸ் திணறும். ஒரே விலைப் பட்டியலை ஆயிரம் பேர் கேட்டால், ஆயிரம் முறையும் அதே குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடும். பதிலை ரேமில் வைத்துக் கொடுக்கலாம், அதுதான் கேஷ். மெம்கேஷ்ட், ரெடிஸ் இரண்டும் அதற்கான மென்பொருள்கள். எதில் வைப்பது?

சர்வர் ஒன்றுதான் என்றால் அப்ளிகேஷனுக்குள்ளேயே வையுங்கள். அதைவிட வேகமானது கிடையாது. இரண்டாவது சர்வர் வந்ததும் வம்பு தொடங்கும்: ஒன்றில் புடவை 180 ரிங்கிட், மற்றதில் பழைய 220. பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யச் செய்ய விலை மாறும்.

எல்லா சர்வருக்கும் பொதுவாக வைக்க மெம்கேஷ்ட் எளிது. 2003இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்துக்காகப் பிறந்தது. கீ (தேடி எடுக்கும் பெயர்), மதிப்பு, காலாவதி, அவ்வளவே. பல த்ரெட்களில் (ஒரே நேரத்தில் பல வேலைகளாக) ஓடுவதால் ப்ராசஸர் கோர்கள் வீணாகாது. செட்டிங்கைத் தொடாவிட்டால் 64 எம்பி ரேம்தான், ஒரு மதிப்பு 1 எம்பியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சேமிக்காது. கோடில் அந்தப் பிழையைக் கவனிக்காவிட்டால் கேஷ் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், டேட்டாபேஸ் சுமையோ குறையாது.

ரெடிஸில் பட்டியல், கவுன்டர், வரிசைப்படுத்திய தொகுப்பு எல்லாம் உண்டு, டிஸ்க்கிலும் சேமிக்கும். (2024 லைசென்ஸ் சர்ச்சையில் ரெடிஸிலிருந்து பிரிந்த வால்கீ என்ற மென்பொருளிலும் கிட்டத்தட்ட இதே கட்டளைகள்தாம்.) ஆனால் ரெடிஸில் கட்டளைகள் ஒரே த்ரெட்டில், ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. கூட்ட நேரத்தில் யாராவது எல்லாக் கீயையும் ஒரேயடியாகப் பட்டியலிடும் 'கீஸ்' கட்டளையை அடித்தால் மொத்தக் கடையும் நிற்கும், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் 'ஸ்கேன்' போதும். மெமரி வரம்பு வைத்துவிட்டு எவிக்‌ஷன் கொள்கையை (இடம் நிரம்பினால் எதை நீக்குவது என்ற விதி) மறந்தால், நிரம்பியதும் பழையதை நீக்காது, புதியதை மறுக்கும். நெடுநேரம் தொடாததை நீக்கும் 'ஆல்கீஸ்-எல்ஆர்யு' வையுங்கள். டிஸ்க்கில் சேமிக்க ஸ்னாப்ஷாட் (முழு நகல்) எடுக்கும்போது ரேம் இரண்டு மடங்குவரை போகலாம் என்பதால் 4 ஜிபி மெஷினில் வரம்பு 2 ஜிபிக்குள் இருக்கட்டும். லாகின் செஷனை (யார் உள்ளே நுழைந்திருக்கிறார் என்ற பதிவு) அதே ரெடிஸில் போட்டால், நிரம்பும்போது அதையும் தூக்கிவிடும், வாடிக்கையாளர் பாதியில் வெளியே நிற்பார்.

வெறும் பக்கங்களும் விலைகளும் என்றால் மெம்கேஷ்ட் போதும். கூடை, கவுன்டர் என்று வந்தால் ரெடிஸ்தான்.

எதை எடுத்தாலும் 300 வினாடி காலாவதியை எல்லாக் கீக்கும் ஒரே மாதிரி வைக்காதீர்கள். ஒரே நொடியில் எல்லாம் காலியாகி, கூட்டம் முழுவதும் டேட்டாபேஸில் விழும். கூடவே 0 முதல் 60 வரை ஒரு ரேண்டம் எண் சேருங்கள். விலை மாற்றும்போது முதலில் டேட்டாபேஸில் கமிட் (மாற்றத்தை உறுதியாகப் பதிவது), பிறகே கேஷில் உள்ள கீயை அழிப்பது. மாற்றிச் செய்தால் இடைவெளியில் வந்த இன்னொரு கோரிக்கை பழைய விலையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும். பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் ஸ்டாக் எண்ணிக்கையை டேட்டாபேஸிடமே கேளுங்கள்.