வீட்டில் செய்த நாய் கேக் வாங்குகிறீர்களா? ‘நேச்சுரல் ஸ்வீட்னர்’ என்றால் என்னவென்று முதலில் கேளுங்கள்

செல்லப்பிராணிக்கு பர்த்டே கேக், ஹோம்மேட் பிஸ்கட் என்று இன்ஸ்டாவில் ஆர்டர் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விற்றவரின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

எங்கள் ஜிம்மி நாட்டு நாய், 14 கிலோ. அவனுக்காக வாங்கியது ராகி-கேரட் கேக், மேலே தயிர் க்ரீம், ஓரத்தில் எலும்பு வடிவ பிஸ்கட். விலை 850 ரூபாய். விற்றவரின் இன்ஸ்டா பக்கத்தில் போட்டிருந்தது: ‘நோ சுகர், நோ மைதா, நேச்சுரல் ஸ்வீட்னர், வெட் அப்ரூவ்டு.’ கூடவே வந்த அட்டையில் ‘சின்ன நாய்க்குப் பாதி, பெரிய நாய்க்கு முழுசு கொடுக்கலாம்’ என்று அச்சடித்திருந்தார்கள். சாயங்காலம் பாதிக்கு மேல் சாப்பிட்டான். ராத்திரி வாந்தி ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தாலும் அதையும் கக்கினான்.

ராத்திரி திறந்திருக்கிற கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன சாப்பிட்டான், அதுல என்ன இருக்கு?” அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதயப் படம் இருக்கிறது, பாதத் தடம் இருக்கிறது, என்னென்ன போட்டார்கள் என்பது மட்டும் இல்லை. விற்றவருக்குப் போன் போட்டேன்.

“அது என் ரெசிபி சிஸ், வெளில சொல்றதில்ல.”

“டாக்டர் கேக்கறாருங்க. சாக்லேட், திராட்சை, சைலிட்டால்ங்கற சுகர் ஃப்ரீ இனிப்பு, இதுல ஏதாவது இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க.”

“அதெல்லாம் சுத்தமா கிடையாது சிஸ். ராகி, கேரட், தயிர் அவ்ளோதான். உங்க பையனுக்கு ராகி ஒத்துக்கலையோ என்னவோ.”

இதை நம்பித்தான் அன்று ராத்திரி வாந்திக்கு ஊசி மட்டும் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் எழுந்திருக்கவே இல்லை அவன். சாப்பாட்டைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியாட்டினின் இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு. சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மறுபடி போன், மறுபடி வாட்ஸ்அப். நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கன்ஸ்யூமர் கோர்ட் என்று எழுதிய பிறகுதான் வாயைத் திறந்தார்கள்: “திராட்சையா போடலையே சிஸ். கிஷ்மிஷ ஊறவெச்சு அரைச்ச பேஸ்ட்தான். இனிப்புக்கு.”

அரைத்துவிட்டால் அது திராட்சை இல்லையாம்! முழுசாகப் போட்டிருந்தாலாவது வாந்தியில் தெரிந்திருக்கும்.

திராட்சை, உலர் திராட்சை இரண்டுமே நாய்க்கு விஷம். நீர் வற்றியது என்பதால் உலர் திராட்சையில் எடைக்கு எடை வீரியம் அதிகம். அதிலிருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை நச்சு மருத்துவர்கள் சொன்னார்கள். அதே அமிலம் உள்ள புளியைத் தின்ற நாய்களுக்கும் இதே மாதிரி சிறுநீரகம் பழுதானதைப் பதிவு செய்திருக்கிறார்கள். (புளிசாதம் மிச்சமானால் நாய்த் தட்டில் கொட்டும் நம் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.) எவ்வளவு வரை தாங்கும் என்று அளவு சொல்ல முடியாது. ஒரு நாய் ஒரு கைப்பிடி தின்றுவிட்டு ஓடியாடும், இன்னொன்று கொஞ்சத்திலேயே படுத்துவிடும். “மத்த கஸ்டமர்ஸ் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே” என்று விற்றவர் சொன்னதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

என் கோபம் கிஷ்மிஷ் போட்டதில்கூட இல்லை. கேட்டபோது இல்லை என்று சொன்னதில்தான். தின்ற சில மணி நேரத்துக்குள் தெரிந்திருந்தால் மருந்து கொடுத்து வாந்தி எடுக்கவைத்து, விஷத்தை உறிஞ்சும் மருந்துக் கரி கொடுத்து, உடனே டிரிப்ஸ் ஏற்றியிருப்பார்கள். அந்த நேரத்தை ஒரு பொய் தின்றுவிட்டது. ஜிம்மி பல நாள் டிரிப்ஸில் கிடந்தான். பில் 18,000 ரூபாயைத் தாண்டியது. இப்போது தேறிவிட்டான், ஆனால் சிறுநீரகத்துக்கான தனி உணவும் அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன. நஷ்டஈடு கேட்டதற்கு வந்த பதில்: “அடுத்த ஆர்டர்ல ஒரு பாக்ஸ் ஃப்ரீயா வெச்சு அனுப்பறேன் சிஸ்.” அப்புறம் பிளாக்.

அட்டையில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நிறைய பேர் நம்புகிறார்கள். போர்ட்டலில் போட்டுப் பார்த்தேன், எண் நிஜம்தான். மனிதர்களுக்கு கேக் செய்து விற்க வாங்கிய பதிவு அது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணவு என்றாலே மனிதர் உண்பது. விலங்குத் தீவனம் அதில் வராது. நாய் கேக்குக்கு அந்த முத்திரை எந்த உத்தரவாதமும் தராது. ‘வெட் அப்ரூவ்டு’ என்றால் எந்தக் கால்நடை டாக்டர் என்று கேட்டேன். இன்றுவரை பெயர் வரவில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால் பொருட்பட்டியலை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் இருந்தாலும் போதும். இனிப்பு எதிலிருந்து வருகிறது என்று குறிப்பாகக் கேளுங்கள். ‘சுகர் ஃப்ரீ’ என்றால் இன்னும் உஷார்: கீட்டோ கேக் செய்கிறவர்கள் வீட்டில் சைலிட்டால் இருக்கலாம். அது நாய்க்கு அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும். பீனட் பட்டர் டப்பாவிலும் அந்தப் பெயரைத் தேடுங்கள். சிக்கன் பிஸ்கட் என்றால் வெங்காயத்தூள், பூண்டுத்தூள் இருக்கிறதா என்று கேளுங்கள். அவை இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கேக் மணத்துக்கு ஜாதிக்காயும் கூடாது. பிரிசர்வேட்டிவ் இல்லை, ஆனால் வெளியில் வைத்தாலே இரண்டு மாதம் தாங்கும் என்று யாராவது சொன்னால், சென்னைக் காற்றில் நடக்கிற கதையா அது?

நான் இப்போது வீட்டிலேயே செய்கிறேன். ராகி மாவு, வேகவைத்து மசித்த பரங்கிக்காய், ஒரு முட்டை. உப்பு, வெல்லம் எதுவும் கிடையாது. மெல்லிசாகத் தேய்த்து, வெட்டி, 160 டிகிரியில் மொறுமொறுவென்று காயும்வரை வைத்தால் போதும். (ஜிம்மி இப்போது பத்தியத்தில் இருப்பதால் இது பக்கத்து வீட்டு லேப்ரடாருக்குத்தான் போகிறது.) எந்த ட்ரீட்டாக இருந்தாலும் ஒரு நாள் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய நாய்க்கு முழு கேக் என்று எழுதியவருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

நாய் எதையாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அதுவே உயிருக்கு ஆபத்து. மிச்சம் இருப்பதையும் கவரையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் பதிவாகிவிட்டது. இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னையில் ராகி-கேரட் நாய் கேக் வாங்கி, ‘பெரிய நாய்க்கு முழுசு’ என்று அச்சடித்த அட்டை உங்களிடமும் இருந்தால், அதன் படத்தையும் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டையும் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். புகாரோடு சேர்க்கிறேன்.