செல்லுக்கு ஒரு சென்சாரா, ஃபேஸுக்கு ஒன்றா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரி நடத்துபவர்களுக்கு லோ வோல்டேஜ் பழகிப்போன தொல்லை. இலை வாட்டும் ஃபேன்களும் இலையை நசுக்கிச் சுருட்டும் சிடிசி மிஷினும் சேர்ந்து ஓடும்போது, ஃபீடரின் (சப்ளை லைனின்) கடைக்கோடியில் 415 வோல்ட் 360-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். வோல்டேஜைத் தூக்கிப்பிடிக்கத் தேவையான ரியாக்டிவ் பவரை வழக்கமாகக் கெபாசிட்டர் பேங்க் தரும்; ஆனால் அது தரும் அளவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுமார் 75 சதவீதம்தான் மிஞ்சும். உதவ வேண்டிய நேரத்தில் கைவிரித்துவிடும். அதே வேலையை எலக்ட்ரானிக் ஸ்விட்சுகளால் செய்யும் ஸ்டாட்காம், கரண்டைக் குறைக்காமல் தரும் என்பதால் 87 சதவீதம் கிடைக்கும். ஆகவே ஸ்டாட்காம்தான், அதில் பேச்சில்லை. உள்ளே இருக்கும், வோல்டேஜைப் படிப்படியாக அடுக்கித் தரும் மல்டிலெவல் இன்வெர்ட்டரின் கெபாசிட்டர் வோல்டேஜை எப்படி அளப்பது என்பதில்தான் இரண்டு கட்சி.

கேஸ்கேடு எச்-பிரிட்ஜ் வகை இன்வெர்ட்டரில் ‘செல்’ எனும் சிறு ஸ்விட்ச் யூனிட்டுகள் தொடராக இணைந்திருக்கும். ஒவ்வொரு செல்லுக்கும் தனி கெபாசிட்டர். ஃபேஸுக்கு மூன்று செல் என்றால் அவுட்புட்டில் ஏழு லெவல், அதாவது ஏழு வோல்டேஜ் படி. எல்லா செல்லிலும் இழப்பு ஒரே மாதிரி இராது. கவனிக்காமல் விட்டால் ஒன்றின் வோல்டேஜ் ஏறும், இன்னொன்றில் வடியும்.

முதல் கட்சி செல்லுக்கு ஒரு சென்சார் வைக்கிறது. ஏழு லெவலுக்கு மொத்தம் ஒன்பது. கண்ட்ரோல் எளிது, எந்த செல் சரியில்லை என்பதும் உடனே தெரியும்.

இரண்டாம் கட்சிக்கு ஃபேஸின் அவுட்புட்டில் ஒன்று போதும். அவுட்புட் ஒரு படி ஏறும்போது தெரியும் வித்தியாசமே அப்போது சேர்ந்த செல்லின் வோல்டேஜ். கேட்கவே அழகான யோசனைதான். ஆனால் ஸ்விட்ச் ஆனதும் எழும் அதிர்வு அடங்கிய பிறகே அளக்க வேண்டும். இரண்டு செல் ஒரே கணத்தில் மாறினால் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். இடைப்பட்ட நேரத்தில் கரண்டையும் கெபாசிட்டன்ஸையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். கெபாசிட்டர் பழசானால் கணக்கும் பிசகும்.

415 வோல்ட்டுக்கு ஏழு லெவலே ஆடம்பரம் என்பேன், மூன்று போதும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக 11 கேவி-யில் சேர்க்கும்போதுதான் இத்தனை லெவலுக்கு வேலை. அங்கே ஸ்டார் இணைப்பில் ஃபேஸ் உச்சம் சுமார் 9 கேவி. செல்லுக்கு 1 கேவி வைத்தால் ஃபேஸுக்குப் பத்துப் பதினொன்று, மொத்தம் முப்பதுக்கு மேல். அத்தனை சென்சாரா என்று மலைக்க வேண்டாம். ஸ்விட்சுகளை இயக்கும் கேட் பல்ஸுக்காக ஒவ்வொரு செல்லுக்கும் ஃபைபர் எப்படியும் போகிறது. செல் போர்டிலேயே ரெசிஸ்டர் டிவைடரில் (வோல்டேஜைச் சிறிதாக்கித் தரும் ரெசிஸ்டர் ஜோடியில்) அளந்து ஃபைபரிலேயே திருப்பி அனுப்பலாம். சென்சாரைக் குறைத்து மிச்சம் பிடிப்பதாகச் சொல்வது இங்கே அடிபட்டுப்போகிறது.

மலைக்கென்று இன்னொரு சங்கடம். 1000 மீட்டரைத் தாண்டினால் காற்றின் காப்புத் திறனும் குளிர்விக்கும் திறனும் குறையும். குன்னூரோ 1800 மீட்டருக்கு மேல். பனிமூட்ட ஈரத்தில் ஒரு டிவைடர் கசிந்து குறைவாகக் காட்டினால், கண்ட்ரோலர் அதை நம்பி அந்த செல்லுக்கு மேலும் மேலும் சார்ஜ் ஏற்றும். அதனால் என் ஓட்டு செல்லுக்கொரு சென்சாருக்குத்தான். ஆனால் அவுட்புட் சென்சாரைச் சாட்சியாகக் கூடவே வைக்க வேண்டும். வாங்கும்போது, சாஃப்ட்வேரில் ஒரு செல்லின் அளவை 10 சதவீதம் குறைத்துக் காட்டச் சொல்லி, மிஷின் அதைப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.