டிடிஎஸ் பேனா 480 காட்டினால் குடித்துவிடலாமா?

புது போர்வெல் போட்டதும் எல்லோரும் முதலில் எடுப்பது, நீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் பேனாவைத்தான். தண்ணீரில் நனைத்தால் சில நொடியில் எண் வந்துவிடும். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500-ன்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு நீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். பேனா 480 காட்டியதும் நிம்மதியாகக் குடிக்கத் தொடங்கிவிடுகிறோம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்திருக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அந்த நிம்மதியை நம்ப முடியாது.

பேனா அளப்பது தண்ணீரின் மின்கடத்துதிறனை. உப்பு மொத்தம் எவ்வளவு என்று அதிலிருந்து கணக்குப் போடுகிறது, என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. ஃபுளோரைடுக்கு உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். 3 மில்லிகிராம் இருந்தாலும் அந்த 480-க்குள் அடையாளமே தெரியாது. (கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற கூடத்தான் செய்யும்.) கிருமியைப் பற்றியும் பேனா வாய் திறக்காது.

அடுத்தது பரிசோதனைப் பெட்டி. மருந்துச் சொட்டு விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, கடினத்தன்மை எல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துவிடலாம். கிருமிக்குத் தனிக் குப்பி. ஓரிரு நாளில் தண்ணீர் கறுத்தால் சந்தேகம் உறுதி. சிக்கல் கண்ணில்தான். ஒன்றா, ஒன்றரையா என்று ஒரே குழாயைப் பார்த்து இரண்டு பேர் சண்டை போடலாம். ஆனால் அந்த அரை மில்லிகிராமில்தானே முடிவே இருக்கிறது!

அதனால் குடிக்கப் போகிற கிணறு என்றால் என் ஓட்டு ஆய்வகத்துக்கு. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. கட்டணம் கட்டித் தனிநபரும் அங்கே நீர் மாதிரி கொடுக்கலாம். ஆனால் மாதிரியைத் தப்பாக எடுத்தால் காசு தண்டம். மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓட விட்டுப் பிடியுங்கள். ஃபுளோரைடுக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேன் போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான். ஐஸில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள். ஒருமுறை ஆய்வகம் பார்த்துவிட்டால், இடையில் மாற்றம் வருகிறதா என்று கவனிக்கப் பெட்டி போதும்.

சரி, தண்ணீர் எவ்வளவு வரும்? போர் வண்டிக்காரர் "ரெண்டு இன்ச்" என்பது கம்ப்ரசர் ஊதித் தள்ளிய நேரத்துக் கணக்கு. பாறைப் பிளவில் தேங்கியிருந்ததும் அதில் சேர்ந்து வரும். தகட்டில் போட்ட வி வடிவ வெட்டு வழியே தண்ணீரை விட்டு, அது வழியும் உயரத்தை அளந்த இன்ச் என்றால், இன்ச் இரட்டித்தால் தண்ணீர் ஐந்து மடங்குக்கு மேல் கூடும். அரை இன்ச் தவறாகப் பார்த்தாலும் கணக்கு எங்கேயோ போய்விடும். அதைவிட வாளியும் கடிகாரமும் நேர்மை: 20 லிட்டர் வாளி பத்து நொடியில் நிறைந்தால் மணிக்கு 7,200 லிட்டர். மோட்டாரைச் சில மணி நேரம் விடாமல் ஓட்டி, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எத்தனை நேரத்தில் ஏறுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் போட்ட போர் என்றால், மே மாதம் இன்னொரு முறை வாளியை எடுங்கள்.