மலையேறினால் மட்டும் வந்த கருகல் நெடி

என்னுடையது 2013 மாடல் பெட்ரோல் கார், 1.2 லிட்டர் இன்ஜின். இந்தத் தொல்லை ஆரம்பித்தபோது 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நாமக்கல்லிலிருந்து குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போனோம். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியிருப்போம். "வடைச் சட்டியில எண்ணெய் தீஞ்ச மாதிரி வாடை வருதுங்க" என்றாள் மனைவி. என் மூக்கு கொஞ்சம் மந்தம். மேலே போய் நிறுத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது.

ஊர் திரும்பி சமதரையில் ஓட்டினால் ஒன்றுமே இல்லை. எப்போதாவது சிக்னலில் நிற்கும்போது லேசாக எட்டிப் பார்க்கும். ஏசியை வெளிக்காற்று வராத மாதிரி மாற்றினால் அதுவும் குறைந்துவிடும். நெடி பானட்டுக்குள்ளிருந்து கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரம் வழியாக வருகிறது என்பது வரை புரிந்தது.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் எடுத்த எடுப்பிலேயே கிளட்ச் போச்சு என்றார்கள். செட்டாக மாற்ற ஒன்பதாயிரம். மலையில் அரைக் கிளட்சில் ஓட்டினால் கருகும்தான், சந்தேகம் நியாயமானது. ஆனால் கிளட்ச் நெடி காகிதம் கருகுகிற ரகம், அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் பிடித்து, நாலாவது கியர் போட்டு கிளட்சை விட்டுப் பார்த்தேன். இன்ஜின் பொசுக்கென்று அணைந்தது. கிளட்ச் வழுக்கியிருந்தால் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும். சரி, ஒன்பதாயிரம் மிச்சம்.

அப்புறம் இரண்டு ராத்திரி அட்டைப்பெட்டியைப் பிரித்து காருக்கு அடியில் விரித்து வைத்தேன். ஒரு சொட்டு இல்லை. சைலன்சரில் நீலப் புகையும் இல்லை. ஆனால் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினால், ஆயில் மாற்றி 4,000 கிலோமீட்டர்தான் ஆகியிருக்க, மட்டம் இரண்டு குறிக்கும் நடுவில் நின்றது. கிட்டத்தட்ட அரை லிட்டர். கீழேயும் சொட்டவில்லை, புகையாகவும் போகவில்லை என்றால் எங்கேதான் போனது?

விடை இன்ஜினுக்குப் பின்னால் இருந்தது. என் காரில் எரிந்த புகையை வெளியேற்றும் சூடான குழாய்த் தொகுதி, அதாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், டேஷ்போர்டுப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது, முன்னால் நின்று குனிந்தால் தெரியாது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, போனில் டார்ச்சைப் போட்டு வீடியோவை ஓடவிட்டு, கையைப் பின்பக்கமாக நுழைத்து மெதுவாக நகர்த்தினேன். இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவர் விளிம்பில் விரல் அகலத்துக்கு ஈரம், அதில் அப்பிய புழுதி, அதற்கு நேர் கீழே மேனிஃபோல்டின் தகட்டில் காய்ந்த பழுப்புக் கோடுகள். கசிகிற ஆயில் தரையைத் தொடுவதற்கு முன்பே சுடுதகட்டில் விழுந்து ஆவியாகிக்கொண்டிருந்திருக்கிறது. அட்டை ஏன் சுத்தமாக இருந்தது, மலையில் மட்டும் ஏன் நாறியது, எல்லாம் ஒரே வீடியோவில் தெளிந்தது. ஏற்றத்தில் வண்டியின் மூக்கு நிமிர்ந்தால் டேப்பட் கவருக்குள் இருக்கும் ஆயில் பின்விளிம்பில் வந்து தேங்கும். ஓடும்போது வீசும் காற்று நெடியைக் கீழே தள்ளிவிடும், நின்றால் அது உள்ளே வரும்.

எங்கள் ஊர் லாரிக்குப் பேர்போனது. லாரி மெக்கானிக்காக இருந்து காருக்கு மாறிய அண்ணன் ஒருவரிடம் வீடியோவைக் காட்டினேன். "பேக்கிங்தான் தம்பி" என்றார். டேப்பட் கவரைக் கழற்றியபோது, ஆயில் கசியாமல் அதன் விளிம்பை அடைக்கும் பழைய ரப்பர் பேக்கிங் முறுக்கு மாதிரி படக் படக்கென்று உடைந்து வந்தது. ஸ்பார்க் பிளக் குழிகளின் ரப்பர் வளையங்களையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். பொருளும் கூலியுமாக 1,500 ரூபாய்க்குள். மேனிஃபோல்டில் ஒட்டியிருந்த பழைய எண்ணெய் எரிந்து தீரும் வரை இரண்டு மூன்று நாள் நெடி இருந்தது, பிறகு நின்றது. அப்பாடா என்று இருந்தேன்.

மூன்றே மாதத்தில் மறுபடியும் வடைச் சட்டி. புதுப் பேக்கிங்கின் அதே இடத்தில் ஈரம். நானாக இருந்தால் போல்ட்டை இன்னும் இறுக்கியிருப்பேன். அண்ணன் விடவில்லை. அலுமினிய மரை, அளவுக்கு மேல் இறுக்கினால் மரை போகும், கவர் நெளியும். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். லேசாக உள்ளே இழுக்க வேண்டிய காற்று வெளியே தள்ளியது. இன்ஜின் ஆவி வெளியேறும் வழியான பிசிவி வால்வைப் பிடுங்கிக் காதருகே ஆட்டினார். உள்ளே கடகடவென்று ஆட வேண்டியது சத்தமே காட்டவில்லை, கசடு இறுகி அடைத்திருந்தது. இன்ஜினுக்குள் சேரும் ஆவிக்கு வழி இல்லாமல் அழுத்தம் ஏறி, இருப்பதிலேயே இளக்கமான பேக்கிங் வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது. வால்வு 350 ரூபாய். முதல் தடவையே இதையும் பார்த்திருந்தால் இரண்டாவது பேக்கிங் செலவு வந்திருக்காது. அண்ணனே அதை ஒப்புக்கொண்டு கூலியில் பாதிதான் வாங்கினார்.

அதன் பிறகு இரண்டு வருடம், 21,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஆயில் மாற்றுவதை 10,000 கிலோமீட்டரிலிருந்து 7,500-க்குக் குறைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன் டிப்ஸ்டிக் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. போன ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்காகக் கொல்லிமலை ஏறினோம். எழுபது வளைவும் முடியும் வரை மனைவி கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சியபடியே வந்தாள். வந்ததெல்லாம் மிளகுக்கொடி வாசனைதானாம்.