நேரோபோட்டா, வைட்பீமா? இங்கிலாந்தின் கால்வாய்களில் முதல் விடுமுறைக்கு

இங்கிலாந்தில் கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. கிளம்பும் முன் வாடகைக்குத் தருபவர்கள் சொல்லித்தருவதோடு சரி. குழப்பம் வருவது புக் செய்யும்போதுதான், அதுவும் முதலில் அகலத்தில்.

குறுகலான கால்வாய்ப் படகுதான் நேரோபோட், அதன் அகலம் 6 அடி 10 அங்குலம். அதென்ன கணக்கு? இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கக் கால்வாய்களில் லாக்கின் அகலமே ஏறக்குறைய 7 அடிதான். லாக் என்பது இரு முனையிலும் கதவு போட்ட தொட்டி. படகை உள்ளே விட்டு, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்கு ஏற்றி இறக்குவார்கள். அகலமான படகான வைட்பீம் பெரும்பாலும் 10 அடிக்குக் குறையாது. அதில் கட்டிலைச் சுற்றி நடக்கலாம். நேரோபோட்டில் ஒருவர் சமைத்தால் இன்னொருவர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும்.

ஆனால் வைட்பீமுக்கு கென்னட் அண்ட் ஏவான் போன்ற அகலக் கால்வாய்கள்தான் கதி. லங்கோலன் கால்வாயின் குறுகிய லாக்குகளில் அது நுழையவே நுழையாது. வேல்ஸில் 1805இல் திறந்த பொன்ட்கசல்தே நீர்ப்பாலம் அந்தக் கால்வாயில்தான் இருக்கிறது. 126 அடி உயரத்தில் படகில் போகலாம், ஒரு பக்கம் கைப்பிடிச்சுவர்கூடக் கிடையாது! அதற்காகவே நான் நேரோபோட்டின் கட்சி.

அடுத்தது பின்தளம். 'ட்ராட்' என்றால் ஓட்டுபவர் மட்டும் நிற்கும் அளவுக்கு இடம். 'க்ரூசர்' என்றால் நாலைந்து பேர் நின்று அரட்டை அடிக்கலாம், மழை வந்தால் எல்லோரும் நனையலாம். 'செமி ட்ராட்' இரண்டுக்கும் நடுவே, பக்கச்சுவர் உண்டு. குடும்பமாகப் போனால் க்ரூசர்தான். ட்ராடில் ஓட்டுபவர் பாவம், தனியாள்.

எதை எடுத்தாலும் டில்லர் என்ற சுக்கான் பிடி பழக அரைநாள் ஆகும். இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் போகும். பிரேக் கிடையாது, ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். நல்லவேளை, வேக வரம்பு மணிக்கு 4 மைல்.

'சில்' என்ற சொல்லை மட்டும் மறக்கவே கூடாது. லாக்கின் மேல்கதவுக்கு அடியில் துருத்தி நிற்கும் திண்டு அது. கீழே இறங்கும்போது படகின் பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் சாய்ந்து படகு மூழ்கிப்போகும். லாக்கின் ஓரத்தில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்முனை அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் நின்றால் பயமில்லை. மதகைத் திறக்கும் 'விண்ட்லஸ்' கைப்பிடியைச் சுற்றுபவரின் ஒரு கண் எப்போதும் படகின்மேல் இருக்கட்டும்.

நீளத்தில் ஆசைப்படாதீர்கள். படகைத் திருப்பக் கரையைக் குடைந்து அகலப்படுத்திய இடத்துக்கு 'விண்டிங் ஹோல்' என்று பெயர். 70 அடிப் படகு எல்லா இடத்திலும் திரும்பாது. 57 அடிக்குள் எடுத்தால் அநேகமாக எங்கும் போய்வரலாம்.