பின் அறைக் கணினிக்கு எக்ஸ்டெண்டரா, கேபிளா?

ராயபுரத்தில் எங்கள் வீடு பத்தடி அகலம், அறுபதடி நீளம். ஃபைபர் இணைப்பு தெருவிலிருந்து வருவதால் ரூட்டர் வாசல் அறையில் உட்கார்ந்துவிட்டது. கணினியோ கடைசி அறையில். நடுவே மூன்று சுவர், ஓர் இரும்பு பீரோ, ஒரு ஃபிரிட்ஜ். 100 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு, பின் அறையில் வைஃபையில் வந்த 9-ஐ வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

எதையும் வாங்கும் முன் தங்கையின் மடிக்கணினியை ரூட்டரில் கேபிள் மூலம் செருகிப் பார்த்தேன். 95 வந்தது. அங்கேயும் குறைந்திருந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்பில் கோளாறு. வீட்டுக்குள் எதை மாற்றியும் பயனிருக்காது.

காசில்லாத வழிகளை முதலில் பார்த்தேன். ரூட்டரின் வைஃபை 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 5 வேகமானதுதான், ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும்; பின் அறையில் அதன் பெயரே தெரியவில்லை. 2.4 தாண்டி வரும், ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அது சந்தைக்கடை. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் உள்ள தனித்தனிப் பாதைகள், அதில் 1, 6, 11 என மூன்றுதான். 6-லிருந்து 11-க்கு மாற்றியதும் 14 கிடைத்தது. இரவு எட்டு மணிக்கு எல்லோரும் வீடு திரும்பியதும் மறுபடி பழைய கதை.

அடுத்து யுஎஸ்பி வைஃபை அடாப்டர். கணினியில் செருகி வைஃபையைப் பிடிக்கும் சின்னக் கருவி அது. அதைக் கணினிப் பெட்டியின் பின்புறம் செருகினால் இரும்புத் தகடே சிக்னலை மறைத்துவிடும். ஒரு நீட்டிப்பு ஒயர் போட்டு மேசைமேல் நிறுத்தினேன்: 25. மோசமில்லை.

வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டரில்தான் ஏமாந்தேன். கணினிக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன, வேகம் 8. காரணம் எளிது: தன்னிடம் நலிந்து வந்து சேர்ந்ததைத்தான் அது திருப்பி ஒலிபரப்பும். கோடுகள் காட்டுவது கணினிக்கும் எக்ஸ்டெண்டருக்கும் உள்ள நெருக்கத்தை மட்டுமே. நடு அறைக்கு மாற்றிய பிறகு 30 வந்தது. ஒரே அலைவரிசையில் வாங்கி, அதே அலைவரிசையில் கொடுக்கும் வகை என்பதால், வாங்கும்போது கொடுக்க முடியாது. பாதி வேகம் அங்கேயே போய்விடுகிறது.

கேபிளுக்கு வீட்டில் எதிர்ப்பு. "சுவர் முழுக்க ஒயர் தொங்கினால் பார்க்க நன்றாகவா இருக்கும்?" என்றார் அம்மா. பரண் ஓரமாக, சாமி மாடத்துக்கு மேலே, கிளிப் அடித்துக் கொண்டுபோனேன். இப்போது கேட்டால் ஒயர் எங்கே என்று அவரே தேடுவார். வேகம் 94, இரவு எட்டு மணிக்கும் 94. கேட் 5இ வகைக் கேபிள் நூறு மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) தாங்கும். எனக்குத் தேவைப்பட்டது இருபத்தைந்து மீட்டர். வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய கேபிளும் விலை மலிவாகக் கிடைக்கிறது; வளைத்து இழுத்தால் உள்ளே முறியும். முனையில் எட்டுக் கம்பிகளும் சரியாகப் பொருந்தவில்லை என்றால் 1 ஜிபிபிஎஸ் எட்டாது, 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும்.

வீடெங்கும் பல கருவிகளை வைத்து ஒரே வைஃபையாக இணைக்கும் மெஷ், மாடி வீட்டுக்காரர்களுக்கு. தளத்துக்குத் தளம் போனோடு நடப்பவர்களுக்கு அந்த விலை நியாயம். ஓரிடத்தில் நகராமல் இருக்கும் ஒற்றைக் கணினிக்கு வீண் செலவு.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள் என்றால், கதவு இடுக்கில் நுழையும் தட்டைக் கேபிள் உண்டு. எக்ஸ்டெண்டரை நான் கழற்றவில்லை. சமையலறையில் அம்மாவின் போன் அதில்தான் ஓடுகிறது. சீரியல் பார்க்க 30 தாராளம்.